ஒரே பணம், இரண்டு பேரேடு

எதீரியம் என்ற மின்நாணய வலையமைப்புக்கு இன்றைக்கு இரண்டு பேரேடுகள் இருக்கின்றன. 19,19,999-ஆவது பிளாக் வரை, அதாவது பேரேட்டின் அந்தப் பக்கம் வரை, இரண்டிலும் ஒரே எழுத்து, ஒரே கணக்கு. அடுத்த பிளாக்கில் வழி பிரிகிறது. ஒன்றில் 36 லட்சம் ஈதர் (எதீரியத்தின் நாணயம்), பணம் போட்டவர்களிடமே திரும்பிப் போகிறது. மற்றொன்றில் அதே 36 லட்சம், எடுத்தவரிடமே தங்கிவிடுகிறது. இதில் எது பொய்க்கணக்கு என்று கேட்டால் ஒரு தரப்பு இன்னொரு தரப்பைக் கைகாட்டும். 2016 ஜூலை 20-இல் நடந்தது இந்தப் பாகப்பிரிவினை. அதற்கு முன்னும் பின்னும் அந்தப் பணம் போன வழியிலேயே நாமும் போய்ப் பார்க்கலாம். யார் கையிலும் இல்லாத மென்பொருளைக் கட்டப் புறப்பட்டவர்கள் எதை நம்பினார்கள், அந்த நம்பிக்கை எங்கே முட்டிக்கொண்டது என்பது அந்த வழியில்தான் கிடக்கிறது.

ஈதர் பிறந்தபோது அதற்குப் பேரேடே கிடையாது. விட்டாலிக் புட்டரின் 2013 கடைசியில் எதீரியம் பற்றிய முதல் வரைவை எழுதினார். அப்போது அவருக்கு வயது 19. பிட்காயின் பேரேடு பெரும்பாலும் யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்பதைக் குறித்து வைப்பதோடு நின்றது. அந்தப் பேரேட்டுக்குள்ளேயே நிரல்கள் ஓட வேண்டும், இன்ன நிபந்தனை நிறைவேறினால் இன்னாருக்குப் பணம் போகட்டும் என்று எழுதி வைத்தால் எந்த மனிதரும் குறுக்கே வராமல் அது நடந்தேற வேண்டும் என்பது புட்டரினின் எண்ணம். 2014 ஜூலையிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை 42 நாட்கள் முன்விற்பனை நடந்தது. பிட்காயினைக் கொடுத்தவர்களுக்கு 6 கோடி ஈதர் ஒதுக்கப்பட்டது. ஒரு ஈதர் அரை டாலர்கூடப் பெறாத காலம். பேரேடு திறக்க 2015 ஜூலை 30 ஆயிற்று. அதுவரை அந்த 6 கோடியும் வெறும் வாக்குறுதி.

இந்த ஆசை புதிதல்ல. நிக் சாபோ என்ற கணினியாளர் 1990-களிலேயே ஸ்மார்ட் ஒப்பந்தம் என்ற கருத்தை எழுதிவிட்டார். 2009 ஜனவரியில் பிட்காயினின் முதல் பிளாக்கைச் செய்தவர், வங்கிகளுக்கு இரண்டாவது முறையாகக் கைகொடுக்கும் விளிம்பில் பிரிட்டிஷ் அரசு நிற்கிறது என்ற அன்றைய லண்டன் டைம்ஸ் தலைப்பை அதற்குள் பொதிந்து வைத்தார். கோபம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். விதி எல்லோருக்கும் ஒன்று என்று சொல்லிவிட்டு, நெருக்கடி வந்ததும் வேண்டியவர்களுக்கு மட்டும் விதியை வளைக்கிறார்கள். வளைக்கவே முடியாத இடத்தில் விதியை எழுதி வைத்துவிட்டால் என்ன? எதீரியத்தைச் சுற்றிக் கூடியவர்கள் இதைச் சுருக்கி, நிரலே சட்டம் என்றார்கள். அந்தச் சொல்லைப் பரப்பிய லாரன்ஸ் லெஸ்ஸிக் என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர், 1999-இல் வந்த தன் நூலில் அதை ஓர் எச்சரிக்கையாகத்தான் எழுதியிருந்தார். நம்மை ஆளப்போவது நிரல், ஆகவே அதை எழுதுபவர் யார் என்று கவனியுங்கள் என்பது அவர் பேச்சு. பின்னால் வந்தவர்கள் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டார்கள்.

நம் 36 லட்சம் ஒரே குவியலாகச் சேர்ந்தது 2016 மே மாதத்தில். ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் மிட்வைடா என்ற சிற்றூர். அங்கே ஸ்லாக்.இட் என்ற சின்ன நிறுவனத்தை நடத்தினார்கள் கிறிஸ்டோஃப் யென்ட்ஸ், சைமன் யென்ட்ஸ் என்ற சகோதரர்கள். வாடகை ஈதரில் வந்து சேர்ந்ததும் தானே திறந்துகொள்ளும் பூட்டு, அவர்கள் செய்ய நினைத்த பொருள். அதற்கு முதலீடு திரட்டப் போனவர்கள், திரட்டும் முறையையே ஒரு நிரலாக எழுதினால் என்ன என்று யோசித்தார்கள். யோசனை வளர்ந்து பூட்டை மறைத்துவிட்டது. 'தி டாவ்' என்று ஒரு பொது நிதி பிறந்தது. ஈதரைப் போட்டால் டோக்கன் கிடைக்கும். எந்தத் திட்டத்துக்குப் பணம் போகலாம் என்று டோக்கன் வைத்திருப்பவர்கள் வாக்களிப்பார்கள். இயக்குநர் குழு கிடையாது, தலைவர் கிடையாது, பதிவு அலுவலகமும் கிடையாது.

அதன் இணையதளத்தில் போட்டிருந்த நிபந்தனைதான் பிறகு எல்லாத் தகராறுக்கும் வேர். ஒப்பந்தம் என்பது பேரேட்டில் இன்ன முகவரியில் இருக்கும் நிரல் மட்டுமே. இங்கே ஆங்கிலத்தில் எழுதியிருப்பது விளக்கம்தான். இரண்டும் முரண்பட்டால் நிரல் சொல்வதே செல்லும். ஏறக்குறைய அந்தப் பொருளில் எழுதியிருந்தார்கள். ஏப்ரல் 30-இல் கதவைத் திறந்தார்கள், 28 நாளில் மூடினார்கள். 11,000-க்கும் மேற்பட்டோர் போட்ட ஈதர் ஏறக்குறைய 1.2 கோடி, அன்றைய மதிப்பில் 15 கோடி டாலர். அப்போது உலகத்தில் இருந்த ஈதர் அனைத்திலும் ஏழில் ஒரு பங்கு ஒரே நிரலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நிரலை எழுதியவர்கள் இவ்வளவை எதிர்பார்க்கவில்லை.

தலைவர் இல்லை என்றேன். முழுக்க இல்லை என்று சொல்ல முடியாது. கண்காணிப்பாளர்கள் என்று சிலரை வைத்திருந்தார்கள். எந்த முகவரிக்குப் பணம் போகலாம் என்ற பட்டியல் அவர்கள் கையில் இருந்தது. அவர்களில் பலர் எதீரியத்தைக் கட்டியவர்கள்; புட்டரின் பெயரும் அதில் உண்டு. பெரிய பெயர்கள் இருப்பதைப் பார்த்துத்தான் பலர் பணம் போட்டார்கள். ஆளை நம்ப வேண்டாம் என்ற திட்டம், ஆள் முகத்தைக் காட்டித்தான் விலை போயிற்று.

எச்சரித்தவர்கள் இல்லாமல் இல்லை. நிதி திரட்டல் முடியும் தறுவாயில், மே 27-இல், கார்னெல் பல்கலைக்கழகத்தின் எமின் குன் சிரர் இன்னும் இருவரோடு சேர்ந்து, இதைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள் என்று எழுதினார். வாக்களிப்பு முறையிலேயே பல ஓட்டைகள் இருக்கின்றன என்பது அவர்கள் வாதம். ஜூன் தொடக்கத்தில், இந்த வகை நிரல்களில் பணத்தைக் காலிசெய்யும் ஒரு பிழை இருக்கிறது என்று வேறு சிலர் கண்டுபிடித்து எழுதினார்கள். ஜூன் 12-இல் ஸ்லாக்.இட் தரப்பிலிருந்து, டாவ் பணத்துக்கு எந்த ஆபத்தும் இல்லை என்று அறிவிப்பு வந்தது. அதற்கு ஆயுள் ஐந்து நாள்.

பிழை இருந்த இடத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது ஒரு நல்ல எண்ணத்தின் உள்ளே இருந்தது. பெரும்பான்மை சேர்ந்துகொண்டு சிறுபான்மையின் பணத்தைத் தின்றுவிடக் கூடாது என்று கிறிஸ்டோஃப் யென்ட்ஸ் கவலைப்பட்டார். அதற்காக, உடன்பாடில்லாதவர் தன் பங்கை எடுத்துக்கொண்டு தனியாக ஒரு குழந்தை டாவ் தொடங்கலாம் என்று பிரிந்துபோகும் வழி ஒன்றை வைத்தார். அந்த வழியை எழுதியபோது வரிகளின் வரிசை பிசகிவிட்டது. ரேஷன் கடையில் முதலில் அரிசியை அளந்து கொட்டிவிட்டு, அப்புறம்தான் கார்டில் பதிகிற ஊழியரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் பேனாவை எடுப்பதற்குள் அதே ஆள் கார்டை மறுபடி நீட்டினால், கார்டில்தான் இன்னும் ஒன்றும் ஏறவில்லையே, மறுபடி அளந்து கொட்டுவார். எதீரியத்தில் ஒரு ஒப்பந்தத்துக்குப் பணம் அனுப்பினால், வாங்கும் ஒப்பந்தத்தின் நிரல் விழித்துக்கொள்ளும். அது உடனே திரும்பிக் கூப்பிட்டு இன்னொரு தரம் கேட்கலாம். டாவ் நிரல் பணத்தை முதலில் கொடுத்தது, கணக்கைப் பிறகு குறைத்தது. இரண்டு வேலையையும் இடம் மாற்றி எழுதியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.

ஜூன் 17 காலை பணம் வழியத் தொடங்கியது. யாரோ ஒருவர் பிரிந்துபோகும் வழியாகத் தன் பங்கைக் கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். உலகமே திரையில் பார்த்துக்கொண்டிருந்தது; பேரேடு எல்லோருக்கும் திறந்ததுதானே. நிறுத்தத்தான் யாரிடமும் பொத்தான் இல்லை. பொத்தான் இல்லாததுதான் அதன் பெருமை என்று அதுவரை சொல்லி வந்தார்கள். சில மணி நேரத்தில் 36 லட்சம் ஈதர், மொத்த நிதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ஒரு குழந்தை டாவுக்குள் போய்ச் சேர்ந்தது. சந்தையில் ஈதர் விலையும் சுமார் மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. அத்தோடு ஒழுக்கு நின்றது.

நல்ல வேளையாக, குழந்தை டாவுக்குள் போன பணம் உடனே வெளியே வர முடியாது. அதற்கும் தாயைப் போலவே நான்கு வாரம் பொறுத்திருக்கும் விதி உண்டு. எடுத்தவராலும் தொட முடியாது, இழந்தவராலும் தொட முடியாது. அந்த நாலு வாரத்துக்குள் எதீரியம் தன் தத்துவத்தைத் தீர்மானித்தாக வேண்டியதாயிற்று.

மறுநாள், எடுத்தவர் எழுதியதாக ஒரு திறந்த கடிதம் வந்தது. நிரலைப் படித்தேன், பிரிந்துபோகும் வழியில் கூடுதல் ஈதர் கிடைக்கும் என்று கண்டேன், நிரலே ஒப்பந்தம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், ஆகவே இது சட்டப்படி எனக்கு உரியது, கைவைத்தால் வழக்குப் போடுவேன் என்பது அதன் சாரம். கடிதத்தின் கையொப்பம் சரிபார்ப்பில் தேறவில்லை. வேறு எவரோ விளையாட்டுக்கு எழுதியிருக்கலாம். ஆனால் எழுதியவர் யாராயிருந்தாலும் கேள்வி கெட்டியானது. டாவ் போட்ட நிபந்தனையை அப்படியே பிடித்தால் அவர் பக்கம்தான் நியாயம் சாய்கிறது. அதைத் திருட்டு என்று சொல்வதற்கு, நிரலுக்கு வெளியே நிரலின் நோக்கம் என்று ஒன்று இருந்தது, அதை எல்லோரும் புரிந்துகொண்டிருந்தோம் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொண்டால், நோக்கத்தைப் படித்துச் சொல்ல மனிதர்கள் வேண்டும். யாரை வெளியே தள்ளிக் கதவை அடைத்தார்களோ, அந்த நீதிபதி கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிடுகிறார்.

என் கருத்தைக் கேட்டால், அது திருட்டுதான். பணம் போட்ட 11,000 பேரில் ஒருவர்கூட இப்படியொரு விளையாட்டுக்குச் சம்மதித்துப் போடவில்லை. ஆனால் இதை நான் சொல்வது, நிரலுக்கு வெளியே நின்றுகொண்டு.

இதற்கிடையில் தாய் டாவில் எழுபது லட்சத்துக்கும் மேல் ஈதர் மிச்சமிருந்தது. அதே ஓட்டையும் இருந்தது. ரியோ டி ஜெனிரோவிலிருந்து எதீரியத்துக்கு வேலை செய்த அலெக்ஸ் வான் டி சாண்டே, கிரிஃப் கிரீன், லெஃப்டெரிஸ் கரபெட்சாஸ், இன்னும் சிலர் சேர்ந்து ராபின் ஹூட் குழு என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஜூன் 21-இல் திருடர் பயன்படுத்திய அதே ஓட்டை வழியாக, அதே முறையில், மிச்சப் பணம் முழுவதையும் உறிஞ்சித் தங்கள் வசம் வைத்தார்கள். உரியவர்களுக்குத் திருப்பித் தரத்தான். ஆனால் எந்த நீதிமன்றமும் அவர்களை அனுப்பவில்லை, எந்த வாக்கெடுப்பும் கேட்கவில்லை. நிரலின் கண்ணுக்குத் திருடருக்கும் காவலருக்கும் வித்தியாசமே தெரியாது. இரண்டும் ஒரே கட்டளை, ஒரே விளைவு. வித்தியாசம் முழுக்க அவர்கள் யார், ஏன் செய்தார்கள் என்பதில் இருந்தது. தன்னியக்கமாக நியாயம் நடக்கும் என்று கட்டிய இடத்தில், பிறர் பணம் தப்பியது நாலைந்து பேரின் நேர்மையால். நான் படித்த வரையில் இந்தக் கதையின் மிக முக்கியமான கட்டம் இதுதான். பின்னால் வந்த பாகப்பிரிவினைச் சண்டையின் இரைச்சலில் இதை அதிகம் பேர் கவனிப்பதில்லை.

திருடிய 36 லட்சத்தைத் தடுக்க முதலில் மென்மையான வழி ஒன்றைப் பார்த்தார்கள். அந்தக் குழந்தை டாவைத் தொடும் பரிவர்த்தனை எதையும், பிளாக்குகளை எழுதும் மைனர்கள் ஏற்க வேண்டாம் என்று மென்பொருளை மாற்றுவது. மைனர்கள் தயாராகிவிட்டார்கள். ஜூன் 28-இல் சிரரும் அவருடைய இரண்டு மாணவர்களும், இதைச் செய்தால் வலையமைப்பையே செலவில்லாமல் முடக்கிப்போட எவராலும் முடியும் என்று காட்டினார்கள். கைவிட்டாயிற்று. மிஞ்சியது கடினமான வழி, ஹார்ட் ஃபோர்க்: பேரேட்டின் விதிக்குள்ளேயே ஒரு விதிவிலக்கை எழுதி, இந்த முகவரிகளில் உள்ள பணம் இன்ன பிளாக்கில் இன்ன இடத்துக்குப் போகும் என்று ஆணையிடுவது. திருடரின் கையொப்பம் தேவையில்லை. உலகமெங்கும் பேரேட்டை வைத்திருப்பவர்கள் புதிய மென்பொருளை ஓட்டினால் போதும்.

வாதம் அனல் பறந்தது. ஒரு பக்கம், பணம் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும்போது கைகட்டிக்கொண்டு நிற்பது என்ன தத்துவம் என்றார்கள். மறுபக்கம், இன்றைக்குத் திருடரின் பணத்தை எடுப்பீர்கள், நாளைக்கு ஓர் அரசாங்கம் வந்து இன்னாருடையதை எடு என்றால் முடியாது என்று எந்த வாயால் சொல்வீர்கள் என்றார்கள். வங்கிகளைக் காப்பாற்றிய அரசுகளைத் திட்டித்தானே இதைத் தொடங்கினோம் என்றும் கேட்டார்கள். அந்தக் கேள்வி வலித்திருக்க வேண்டும், ஏனென்றால் எதீரியத்தைக் கட்டியவர்களில் சிலரே டாவ் டோக்கன் வைத்திருந்தார்கள், சிலர் அதன் கண்காணிப்பாளர்கள். தன் வழக்கைத் தானே விசாரிக்கும் நீதிபதிகள்.

கார்பன்வோட் என்ற தளத்தில் வாக்கெடுப்பு நடந்தது. தலைக்கு ஒரு வாக்கு இல்லை, ஈதருக்கு ஒரு வாக்கு. 87 சதவீதம் ஃபோர்க்கை ஆதரித்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வாக்களித்த ஈதர் மொத்தத்தில் 6 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. அதைவிட அமைதியாக நடந்த காரியம் ஒன்று உண்டு. பெரும்பாலோர் ஓட்டிய கெத் என்ற மென்பொருளைக் கவனித்தவர் ஜெஃப்ரி வில்க்கே. ஆதரிக்கிறேன், எதிர்க்கிறேன் என்று இரண்டு தெரிவுகளையும் அவருடைய குழு அதில் வைத்தது. நியாயம்தான். ஆனால் ஒன்றையும் தெரிவு செய்யாமல் அப்படியே புதுப்பித்துக்கொண்டவர் எந்தப் பக்கம் போவார்? வாக்கெடுப்பு முடிவைக் காரணம் காட்டி, ஆதரவுப் பக்கம் என்று வைத்தார்கள். படிக்காமலே 'சரி' அழுத்துவது மனித சுபாவம். அந்த ஒரு இயல்புத் தெரிவை யார் எழுதுகிறாரோ அவர் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதை, அதிகாரமே இல்லாத அமைப்பு கட்டுகிறோம் என்று பேசியவர்கள் அதிகம் பேசவில்லை.

பேரேட்டை இப்படி மாற்றுவதற்கு முன்னுதாரணம் இல்லை என்று ஃபோர்க்கை எதிர்த்தவர்கள் சொன்னார்கள். உண்டு. 2010 ஆகஸ்ட் 15-இல் பிட்காயினில் ஓர் எண்கணிதப் பிழையால் ஒரே பிளாக்கில் 18,400 கோடி பிட்காயின் முளைத்தது, மொத்தமே 2.1 கோடிக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. சதோஷி நகமோட்டோவும் உடனிருந்தவர்களும் சில மணி நேரத்தில் திருத்திய மென்பொருளை வெளியிட்டார்கள், அந்தப் பிளாக் இருந்த கிளை கைவிடப்பட்டது. பேரேட்டை மாற்றவே முடியாது என்ற வாசகம் அப்போதே பொய்த்திருந்தது. அது சின்ன ஊர், எல்லோரும் தெரிந்தவர்கள், எவர் பணமும் போகவில்லை என்பதால் யாரும் அதைத் தத்துவமாக்கவில்லை.

ஜூலை 20, 19,20,000-ஆவது பிளாக். டாவிலும் அதன் குழந்தைகளிலும் இருந்த ஈதர் முழுவதும் ஒரே அசைவில் ஒரு புதிய ஒப்பந்தத்துக்கு இடம்மாறியது. அந்த ஒப்பந்தத்துக்கு ஒரே வேலை: 100 டாவ் டோக்கனைக் கொண்டுவந்தால் ஒரு ஈதர் கொடுப்பது. மக்கள் வரிசையாக வந்து வாங்கிக்கொண்டார்கள். எதீரியம் பேரேட்டில் 36 லட்சத்தின் பயணம் இத்தோடு முடிந்தது. அது பொதுப்பணத்தோடு கரைந்துவிட்டது. பல வருஷம் ஆகியும் எவரும் கேட்டு வராத ஈதர் அங்கே கொஞ்சம் மிச்சம் கிடந்தது என்பது ஓரமாகச் சொல்லிவைக்க வேண்டிய செய்தி.

எதிர்த்தவர்கள் பழைய மென்பொருளை நிறுத்தவில்லை. பழைய விதிப்படியே 19,20,000-ஆவது பிளாக்கை எழுதினார்கள், எதீரியம் கிளாசிக் என்று பெயர் வைத்தார்கள், சுதந்திரப் பிரகடனம் ஒன்றும் வெளியிட்டார்கள். நாலு நாளில் வாடிவிடும் என்று பலர் எண்ணினார்கள். நாலாம் நாள் போலோனியெக்ஸ் எக்ஸ்சேஞ்ச் அதை வாங்கி விற்கத் தொடங்கியது. விலை வந்துவிட்டது, விலை வந்தால் மைனர் வருவார். பிளவுக்கு முன் 10 ஈதர் வைத்திருந்தவரிடம் இப்போது இரண்டு பேரேட்டிலும் பத்துப் பத்து. இரண்டுக்கும் ஒரே சாவி என்பதால், ஒரு பேரேட்டில் கையெழுத்திட்ட பரிவர்த்தனையை எவராவது எடுத்து மற்றதில் ஓட்டினால் அதுவும் செல்லுபடியாகும். அந்த வழியில் சில எக்ஸ்சேஞ்சுகள் கையிலிருந்து கிளாசிக் நாணயத்தைக் கோட்டைவிட்டன. அதை அடைக்கும் திருத்தம் எதீரியத்தில் நவம்பரில்தான் வந்தது.

இனி கிளாசிக் பேரேட்டில் நம் பணத்தைப் பார்ப்போம். அங்கே ஃபோர்க் நடக்கவில்லை, ஆகவே ராபின் ஹூட் குழு மீட்டு வைத்திருந்த பங்கு அவர்கள் கையிலேயே இருந்தது. கோடிக்கணக்கான டாலர் பெறும் பிறர் சொத்து. கிளாசிக்கைக் கொடுப்பதைவிட அதை விற்று ஈதராகவே திருப்பித் தருவது மேல் என்று குழு நினைத்து, ஆகஸ்டில் ஒரு பகுதியை எக்ஸ்சேஞ்சுகளுக்கு அனுப்பியது. பெரும்பகுதியைப் போலோனியெக்ஸ் முடக்கிவைத்தது. யாரைக் கேட்டு விற்கிறீர்கள் என்று கிளாசிக் தரப்பு கொதித்தது. கடைசியில் கிளாசிக்காகவே உரியவர்களிடம் கொடுத்தார்கள். நல்லவர்கள்தான், ஆனால் நல்லவர்களாக இருப்பதால் மட்டும் பிறர் பணத்துக்கு எது நல்லது என்று தீர்மானிக்கும் உரிமை வந்துவிடுவதில்லை.

திருடர் பொறுத்திருந்தார். காலம் கனிந்ததும் தன் 36 லட்சத்தைக் குழந்தை டாவிலிருந்து வெளியே எடுத்தார். அந்த வருஷக் கடைசியில் ஷேப்ஷிஃப்ட் என்ற நாணயமாற்றுத் தளத்தின் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிட்காயினாக்கப் பார்த்தார். சில முயற்சிகள் பலித்தன, சிலவற்றை அந்த நிறுவனம் தடுத்தது. நிரலே சட்டம் என்பதற்காகத் தனியே பிரிந்து வந்த பேரேட்டில்கூட, திருட்டுப் பணத்தை ஓரளவாவது மறித்தது பெயரும் முகவரியும் உள்ள ஒரு கம்பெனி. 2022-இல் லாரா ஷின் என்ற பத்திரிகையாளர், பரிவர்த்தனைத் தடங்களைப் பின்தொடர்ந்து ஒருவரைத் திருடர் என்று சொன்னார். சுட்டப்பட்டவர் மறுத்தார்.

கிளாசிக்கின் பிற்காலம் சோகம். மனிதர் மனம்போனபடி பேரேட்டை மாற்றக் கூடாது என்பதற்காக உயிரோடு இருந்த அமைப்பு அது. மைனர்களின் கணக்கிடும் திறன் மெலிந்துபோனதால் 2019 ஜனவரியிலும், பிறகு 2020 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் மூன்று முறையும், வாடகைக்கு எடுக்கக்கூடிய அளவு திறனைக் கொண்டு எவரோ அதன் பிளாக்குகளைத் திருத்தி எழுதிவிட்டார்கள். கொள்கைக்காக ஒரு தடவை மாற்ற மறுத்த பேரேட்டை, லாபத்துக்காக முன்பின் தெரியாதவர்கள் நாலு தடவை மாற்றினார்கள். மாறாமல் இருப்பதற்கு உறுதிமொழி போதாது. காவல் காக்க ஆட்கள் வேண்டும், அவர்களுக்குக் கூலி வேண்டும்.

எதீரியத்தின் பக்கமும் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. 2017 நவம்பர் 6-இல், பாரிட்டி என்ற நிறுவனம் எழுதிய பணப்பை நிரலில் உரிமையாளர் இடம் காலியாகக் கிடந்ததை ஒருவர் கண்டார். தானே உரிமையாளராகி, தெரியாமல் அந்த நிரலை அழித்துவிட்டார். அதை நம்பியிருந்த 587 பணப்பைகளில் 5,13,774 ஈதர் உறைந்துபோனது. இதில் திருடர் இல்லை. பணம் யாருடையது என்பதில் சந்தேகம் இல்லை. ஃபோர்க் செய்து மீட்டால் எவரும் ஒரு காசு இழக்கமாட்டார்கள். நியாயப்படி பார்த்தால் டாவைவிட எளிதான வழக்கு. 2018 ஏப்ரலில் மீட்புக்கு ஒரு முன்மொழிவு வந்தது, வாக்கெடுப்பில் பாதிக்கு மேல் எதிர்த்தது, அத்தோடு போயிற்று. அந்த ஈதர் இன்றைக்கும் அப்படியே கிடக்கிறது. டாவில் இருந்தது எல்லா ஈதரிலும் ஏழில் ஒரு பங்கு. பாரிட்டியில் இருந்தது ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்கு. கொள்கை மாறியதா, தொகை மாறியதா என்பதை வாசகரே பார்த்துக்கொள்ளலாம்.

2017 ஜூலை 25-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் டாவ் பற்றி அறிக்கை வெளியிட்டது. வழக்கு எதுவும் போடவில்லை. ஆனால் டாவ் டோக்கன் ஒரு முதலீட்டுப் பத்திரம்தான், பழைய சட்டம் இதற்கும் பொருந்தும் என்றது. டோக்கன் வைத்திருந்தவர்களுக்கு இருந்த வாக்குரிமை பேருக்குத்தான், உண்மையில் அவர்கள் ஸ்லாக்.இட்டையும் கண்காணிப்பாளர்களையும் நம்பித்தான் பணம் போட்டார்கள் என்று காரணம் காட்டியது. புரட்சிக்காரர்கள் ஒத்துக்கொள்ளத் தயங்கியதை அரசாங்க அலுவலகம் எளிய நடையில் எழுதிவிட்டது.

ஆக, 2016-இல் செய்தது சரியா? சரி என்பேன். 11,000 பேரின் பணத்தை ஒரு வரிப் பிசகுக்குப் பலி கொடுப்பது தத்துவ நேர்மை ஆகாது. தவறு அதற்கு முன்பே நடந்துவிட்டது. யாராலும் தொட முடியாது என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள். அவசரம் வந்தால் தொடுவோம், யார் தொடுவார், எந்த அளவுக்கு இழப்பு வந்தால் தொடுவார், யாரைக் கேட்டுத் தொடுவார் என்று முன்கூட்டி எழுதிவைக்கவில்லை. அதனால் நெருக்கடி வந்த அன்று, பரபரப்பில், பாதிக்கப்பட்டவர்களே சேர்ந்து விதியை எழுத நேர்ந்தது. பாரிட்டிக்காரர்களுக்கு மறுக்கப்பட்டதும் அந்த எழுதாத விதியின்படிதான். மையம் இல்லாத மென்பொருளைக் கட்டுபவருக்கு முதல் கடமை, மையம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டிக்கொடுப்பது. நிரலை எழுதுபவர், இயல்புத் தெரிவை வைப்பவர், எக்ஸ்சேஞ்ச் நடத்துபவர் என்று அது எப்போதும் எங்கேயோ இருக்கிறது.

இப்போது புழங்கும் ஒப்பந்தங்கள் பலவற்றில் திருத்தச் சாவி என்று ஒன்றை வைத்தே எழுதுகிறார்கள். ஐந்து பேரில் மூன்று பேர் கையெழுத்திட்டால் நிரலை மாற்றலாம், மாற்றுவதற்கு முன் இத்தனை நாள் அறிவிப்புத் தர வேண்டும் என்ற மாதிரி. டாவ் கற்றுக்கொடுத்த பாடம்தான், நல்லதுதான். ஆனால் விற்பனைப் பேச்சு மட்டும் இன்னும் 2016-லேயே நிற்கிறது. யாராலும் மாற்ற முடியாது என்று சொல்லிக்கொண்டு ஒருவர் உங்களிடம் டோக்கன் விற்க வந்தால், திருத்தச் சாவி யாரிடம் இருக்கிறது, எத்தனை பேர் சம்மதித்தால் போதும், மாற்றினால் எனக்கு எத்தனை நாள் முன்பு தெரியும் என்று கேளுங்கள். மூன்று பேர் கையில் சாவி இருக்கிறது என்று பதில் வந்தால் அது குற்றமில்லை. அந்த மூன்று பேர் யார் என்று சொல்ல மறுத்தால் பணத்தைப் போடாதீர்கள்.